வீட்டு நாய்க்கும் ஒரு காலைச் சாப்பாடு

சில மாதங்களுக்கு முன்னர் மாதர் சங்கக் கூட்டமொன்றில் வீட்டுக்கோழி வளர்ப்புப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நாய் குஞ்சுகளைப் பிடிக்கிறது, அடைக்கோழியின் முட்டையைக் குடிக்கிறது என்று பலர் முறையிட்டனர். "அது யாருடைய நாய்?" என்று கேட்டபோது சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் ஓர் அம்மா சிரித்துக்கொண்டே, "எங்கட வீட்டு நாய்தான். விடியப் பசிச்சால் அது என்ன செய்யும்?" என்றார். பக்கத்தில் இருந்த இன்னொருவர் உடனே, "பிள்ளையளுக்கே காலைமைச் சாப்பாடு தேடுறது பெரும்பாடு. அதுக்குள்ள நாய்க்கு வேறயோ?" என்று கேட்டார்.

இரண்டு பேச்சும் நியாயமானவை. பசித்த நாய் வீட்டுக்கும் ஊருக்கும் தொல்லை. அதே வேளை, பிள்ளையின் கோப்பையில் இருந்து எடுத்து நாய்க்குப் போடும்படி எவரும் சொல்ல முடியாது. ஆகவே பிள்ளைகளின் பங்கில் கை வைக்காமல், நாம் வீசிவிடும் பொருட்களைக் கொண்டே நாய்க்கு ஒரு நேர உணவைச் சரியாகச் செய்வது எப்படி என்பதே இந்தப் பாடம்.

1. காலை உணவு ஏன் தேவை?

எமது கிராமங்களில் பெரும்பாலான நாய்களுக்கு ஒரு நேரச் சாப்பாடுதான். இரவுச் சாப்பாடு முடிந்தபின் மிஞ்சிய சோறும் கறியும் கிடைக்கும். மறுநாள் இரவு வரை வேறொன்றும் இல்லை. இரவு முழுவதும் வளவைக் காத்த நாய் விடிந்ததும் படலையைத் தாண்டிச் சந்தைக்கும், மீன் இறங்கு துறைக்கும், இறைச்சிக் கழிவு கொட்டும் இடத்துக்கும் போகிறது. அங்கே ஊர் நாய்களோடு கடிபடுகிறது, வாகனத்தில் அடிபடுகிறது, பச்சைக் குடலைத் தின்று நாடாப்புழுவை வயிற்றில் வாங்கிக்கொண்டு வருகிறது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து விசர்நாய்க்கடி நோய். விசர் பிடித்த மிருகத்தின் உமிழ்நீரில் இருக்கும் வைரசு கடிவாயின் வழியாக உடலுக்குள் செல்கிறது. நோய்க்குறிகள் தோன்றிய பின்னர் மனிதரைக் காப்பாற்றுவது அநேகமாக இயலாது. ஆனால் நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் இந்த நோயை வளவுக்கு வெளியே நிறுத்திவிடலாம். ஊசி போட வருபவர்கள் சொல்லும் குறை ஒன்றே: "நாயைப் பிடித்துத் தாருங்கள் என்றால் பிடிக்க ஆள் இல்லை." தினமும் காலையில் ஒரே நேரத்தில், ஒரே கையால் சாப்பாடு பெறும் நாய் அந்தக் கைக்கு அடங்கும். அதனைப் பிடிக்கலாம், கட்டலாம், ஊசி போடலாம். காலைக் கோப்பையின் முதற் பயன் இதுதான்.

2. நாயின் வயிற்றுக்கு என்ன வேண்டும்?

நாய் இறைச்சி மட்டும் தின்னும் மிருகம் என்று சிலரும், சோறு போட்டாற் போதும் என்று வேறு சிலரும் எண்ணுகின்றனர். இரண்டும் முழு உண்மையல்ல. 2013இல் வெளியான மரபணு ஆய்வொன்று, ஓநாயைவிட நாய்க்கு மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் மரபணுவின் பிரதிகள் பல மடங்கு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. மனிதரோடு வாழ்ந்து, மனிதரின் மிச்சத்தைத் தின்று பழகியதன் விளைவு அது. ஆகவே நன்றாக அவிந்த சோறும் குரக்கனும் நாய்க்குச் சமிக்கும். ஆனால் சோறு மட்டும் தின்னும் நாய்க்கு மயிர் உதிரும், தசை கரையும், குட்டி தங்காது. அதற்கு நான்கு பொருட்கள் வேண்டும்:

(அ) சத்தி தரும் மாப்பொருள்: குறுணல் அரிசி, குரக்கன், வத்தாளங்கிழங்கு.

(ஆ) உடலை வளர்க்கும் புரதம்: மீன், முட்டை, ஈரல், அவித்த பயறு.

(இ) சிறிதளவு கொழுப்பு: ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் அல்லது மீனிலேயே இருக்கும் எண்ணெய்.

(ஈ) எலும்புக்குக் கல்சியம்: முட்டைக்கோதுத் தூள் அல்லது மெதுமையாக அவிந்த சிறு மீனின் முள்.

ஏறத்தாழ 12 கிலோ நிறையுள்ள ஒரு வளர்ந்த ஊர் நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 700 கிலோ கலோரி தேவை. அதில் பாதியைக் காலையிலும் பாதியை மாலையிலும் கொடுக்கலாம். அதாவது இரவில் ஒரேயடியாகக் கொட்டும் உணவை இரண்டாகப் பிரிக்கிறோம். செலவு இரட்டிப்பாகாது. பெரிய நாய்க்குக் கூடவும் சிறிய நாய்க்குக் குறையவும் கொடுக்க வேண்டும். அளவு சரியா என்று அறியத் தராசு தேவையில்லை. விலாவைக் கையால் தடவிப் பாருங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஆனால் தூரத்தில் நின்று பார்க்கும்போது எண்ணக்கூடியதாகத் தெரியக்கூடாது.

3. மூன்று செய்முறைகள்

மூன்றுக்கும் பொதுவான விதி: உப்பு, மிளகாய்த்தூள், வெங்காயம், உள்ளி, புளி எதுவும் சேர்க்கக் கூடாது. கீழே தரப்படும் முதல் இரண்டு அளவுகளும் 12 கிலோ நாயொன்றின் ஒரு காலை நேரத்துக்குரியவை.

*முதலாவது: மீன்தலைக் கஞ்சிச்சோறு*

தேவையானவை: குறுணல் அரிசி 60 கிராம், மீன் தலையில் இருந்து எடுத்த தசை 70 கிராம், பூசணிக்காய் சிறு துண்டு ஒன்று, முருங்கை இலை ஒரு பிடி, தேங்காயெண்ணெய் ஒரு தேக்கரண்டி, முட்டைக்கோதுத் தூள் கால் தேக்கரண்டி.

மீன் தலைகளைக் கழுவி, மூடும் அளவுக்குத் தண்ணீர் விட்டு 20 நிமிடம் அவியுங்கள். ஆறியபின் தசையைக் கையால் பிரித்தெடுத்து, முள்ளையும் எலும்பையும் முற்றாக அகற்றுங்கள். அவித்த தண்ணீரை வீச வேண்டாம். அந்தத் தண்ணீரிலேயே குறுணலைக் குழைய வேகவைத்து, பூசணித் துண்டுகளையும் போடுங்கள். இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னர் முருங்கை இலையைப் போடுங்கள். இறக்கிய பின் மீன் தசை, எண்ணெய், கோதுத் தூள் ஆகியவற்றைக் கலந்து, கை பொறுக்கும் சூட்டில் வையுங்கள்.

சூடை, கீரி, நெத்தலி போன்ற சிறு மீன்கள் மலிவாகக் கிடைக்கும் நாட்களில் அவற்றை முள்ளோடு நெடுநேரம் அவித்து, அகப்பையால் நன்றாக மசித்துச் சேர்க்கலாம். அப்போது கோதுத் தூள் தேவையில்லை. மீனைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். சில மீன்களின் பச்சைத் தசையில் உள்ள ஒரு நொதியம் தயமின் என்னும் பீ1 விற்றமினை அழித்துவிடும். அவித்தால் அந்த நொதியம் செயலிழந்து போகும்.

முட்டைக்கோதுத் தூள் செய்வது இலகு. கோதுகளைக் கழுவிப் பத்து நிமிடம் கொதிநீரில் அவித்து, வெயிலில் காயவைத்து, மாப்போல இடித்து அரித்து ஒரு போத்தலில் வையுங்கள். கரடுமுரடாக இருந்தால் பயன் குறைவு. மாலையிலும் மீன்முள் இல்லாத வீட்டுச் சாப்பாடே கொடுப்பதானால், அப்போதும் கால் தேக்கரண்டி சேருங்கள்.

*இரண்டாவது: குரக்கன் முட்டைப் புட்டு*

வீட்டில் புட்டு அவிக்கும் நாளில் இதற்கெனத் தனி வேலை இல்லை. மாக் குழைக்கும்போது உப்புப் போடமுன் நாய்க்குரிய பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். வறுத்த குரக்கன் மா 50 கிராம், துருவிய கரட் அல்லது பூசணி ஒரு பிடி. தண்ணீர் தெளித்துக் குழைத்து, நீத்துப்பெட்டியில் ஓர் ஓரமாக வைத்து அவித்தெடுங்கள். அவித்த முட்டை ஒன்றை மசித்து, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயும் விட்டுப் பிசையுங்கள். புட்டு உலர்ந்து தொண்டையில் அடைக்காதபடி கொஞ்சம் வெந்நீர் தெளியுங்கள்.

முட்டையை அவித்தே கொடுக்க வேண்டும். பச்சை வெள்ளைக்கருவைத் தொடர்ந்து கொடுத்தால் அது பயோற்றின் என்ற விற்றமினை உடலில் சேரவிடாது. அத்துடன் பச்சை முட்டையின் ருசி பழகிய நாய் கோழிக்கூட்டையே தேடிப் போகும்.

மீனும் இறைச்சியும் சமைக்காத வீடுகளில் இந்தப் புட்டோடு நன்றாக அவித்து மசித்த பயறும் சிறிது தயிரும் சேர்த்துக் கொடுக்கலாம். பால் பல வளர்ந்த நாய்களுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும். தயிர் அதைவிடப் பொறுக்கும்.

*மூன்றாவது: குரக்கன் நெத்தலி பிஸ்கற்*

இது சாப்பாடு அல்ல, பழக்குவதற்குரிய பலகாரம். கூப்பிட்டால் வரவும், கட்டும்போது அமைதியாக நிற்கவும், ஊசி போட்டபின் பயம் தெளியவும் இது உதவும்.

தேவையானவை: குரக்கன் மா 200 கிராம், அரிசி மா 100 கிராம், அவித்து மசித்த பூசணி 150 கிராம், முட்டை ஒன்று, நெத்தலித் தூள் இரண்டு மேசைக்கரண்டி.

நெத்தலிக் கருவாட்டில் உப்பு மிகக் கூட. அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீரை மூன்று முறை மாற்றி, பின்னர் அவித்து வடித்துக் காயவைத்து இடியுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து, தட்டையாகத் தட்டி, சுமார் 100 சிறு துண்டுகளாக வெட்டுங்கள். தோசைக்கல்லில் மெல்லிய நெருப்பில் இரு பக்கமும் காயும் வரை வாட்டுங்கள். ஊரில் பாண் போறணை இருந்தால், பாண் எடுத்தபின் அடங்கும் சூட்டில் ஒரு தட்டத்தில் வைத்து எடுக்கலாம். பின்னர் வெயிலில் முறுகக் காயவைத்து, மூடியுள்ள தகரப்பேணியில் போட்டு ஒரு கிழமைக்குள் முடியுங்கள். ஈரம் பிடித்தாலோ பூஞ்சணம் கண்டாலோ எறிந்துவிடுங்கள்.

நாளொன்றின் சத்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பலகாரமாகக் கொடுக்கக் கூடாது. இந்த அளவில் வெட்டிய துண்டொன்றில் சுமார் 12 கிலோ கலோரி உண்டு. எனவே 12 கிலோ நாய்க்கு நாளுக்கு ஆறு துண்டுக்கு மேல் வேண்டாம்.

4. கொடுக்கக் கூடாதவை

எங்கள் வீட்டில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அயலில் ஒரு கலியாண வீடு. மிஞ்சிய இறைச்சிக் கறியையும் வெங்காயச் சம்பலையும் ஒரு வாளியில் கொண்டுவந்து தந்தார்கள். வீணாக்கக் கூடாது என்று எண்ணி மூன்று நாட்களாக எங்கள் நாய் வீமனுக்குச் சோற்றோடு பிசைந்து போட்டோம். நாலாம் நாள் அது எழும்பவில்லை. முரசு வெளிறிப் போயிருந்தது. சிறுநீர் தேயிலைச் சாயம் போல இருந்தது. முச்சக்கரவண்டியில் ஏற்றிக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு சென்றோம். அவர் முதலில் கேட்ட கேள்வி, "வெங்காயம் கொடுத்தீர்களா?" என்பதுதான். நாய் தப்பியது. ஆனால் பழையபடி ஓடித்திரிய ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. அன்பாகக் கொடுத்த சாப்பாடுதான் அதற்கு நஞ்சாகியது.

ஆகவே பின்வருவனவற்றை நினைவில் வையுங்கள்:

- வெங்காயம், உள்ளி, லீக்ஸ்: இவை நாயின் இரத்தத்தில் உள்ள செங்குருதிச் சிறுதுணிக்கைகளை உடைக்கும். சமைத்தாலும் நஞ்சு போகாது. சிறிது சிறிதாகப் பல நாட்கள் கொடுத்தாலும் கெடுதிதான். எங்கள் கறிகளில் இவை இல்லாத கறி குறைவு. எனவே கறிச்சட்டி கழுவிய தண்ணீரையும் நாய்க்கு ஊற்ற வேண்டாம்.

- முந்திரிகைப்பழமும் அதன் வற்றலும்: சிறுநீரகத்தைப் பழுதாக்கும். கேக்கிலும் பாயாசத்திலும் வற்றல் இருக்கும், கவனம்.

- புளி: புளியில் உள்ள தாத்தாரிக்கமிலமே முந்திரிகையிலும் நாய்க்குக் கெடுதி செய்யும் பொருளாக இருக்கலாம் என்பதை 2022இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. புளி தின்ற நாய்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை அந்த ஆய்வு விவரித்தது. எனவே புளி விட்ட மீன்குழம்பில் கிடந்த தலையைக் கொடுக்காமல், வேறாக அவித்த தலையையே கொடுங்கள்.

- சொக்கிலேற், கோப்பி, தேயிலைச் சக்கை: நெஞ்சைப் படபடக்கச் செய்து வலிப்பை உண்டாக்கும்.

- சைலிற்றோல் என்னும் இனிப்பு சேர்ந்த சுயிங்கம், மிட்டாய்: இரத்தத்தில் சீனியைத் திடீரெனக் குறைத்துவிடும்.

- சமைத்த எலும்பு: ஊசிபோல உடைந்து குடலைக் கிழிக்கும். கோழி எலும்பு மிக மோசம்.

- பூஞ்சணம் பிடித்த கச்சான், பழுதான புண்ணாக்கு, பூத்த பாண்: இவற்றில் உண்டாகும் அப்லரொக்சின் முதலிய நஞ்சுகள் ஈரலை அழிக்கும். மாட்டுக்கு ஆகாதது நாய்க்கும் ஆகாது.

- பேத்தை மீன்: எந்தப் பாகமும் வேண்டாம். அவித்தாலும் அதன் நஞ்சு அழியாது. கடற்கரையில் எறிந்து கிடப்பதையும் நாய் தின்னாமல் பாருங்கள்.

- பச்சை மரவள்ளிக்கிழங்கும் அதன் தோலும், ஆட்டின் அல்லது மாட்டின் பச்சைக் குடலும்.

இவற்றில் ஒன்றை நாய் தின்றது தெரிந்தால், அது துடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். என்ன, எவ்வளவு, எப்போது என்று குறித்துக்கொண்டு உடனே கால்நடை வைத்தியரை நாடுங்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைப்பது எமது பக்கத்தில் உள்ள பழக்கம். அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம்.

5. குட்டிகளும் தாய் நாயும்

குட்டிகள் மூன்று நான்கு கிழமையில் மெதுவான சாப்பாட்டை நக்கத் தொடங்கும். மீன்தலைக் கஞ்சியை இன்னும் குழைத்து, மீனின் அளவைக் கூட்டிக் கொடுக்கலாம். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு முறை, ஆறு மாதம் வரை மூன்று முறை, அதன்பின் இரண்டு முறை. பால் கொடுக்கும் தாய்க்குச் சாதாரண நாளைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு உணவு தேவைப்படலாம். அதனைப் பல தடவையாகப் பிரித்து வையுங்கள்.

குட்டிகளுக்கு இரண்டாம் கிழமையில் இருந்து, வைத்தியரின் ஆலோசனைப்படி, புழு மருந்து கொடுக்க வேண்டும். இல்லையெனில் நல்ல சாப்பாடு புழுவுக்கே போய்ச் சேரும். நாயின் வட்டப்புழு முட்டைகள் மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் கை வழியாக அவர்களையும் அடையும். நாயின் மலத்தை அள்ளிப் புதைப்பதும், பிள்ளைகள் கை கழுவுவதும் ஒன்றாகச் செல்ல வேண்டிய பழக்கங்கள்.

6. கோப்பை வைக்கும் முறை

1. ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே இடம். கோழிகளைத் திறந்துவிடுவதற்கு முன்னர் நாய்க்குச் சாப்பாடு வையுங்கள்.

2. நாய் உண்ணும்போது பிள்ளைகள் கிட்டப் போகக் கூடாது. வீட்டு நாயிடம் பிள்ளைகள் கடி வாங்குவது பலமுறை கோப்பைக்கு அருகிலேயே.

3. அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துக் கோப்பையைக் கழுவுங்கள். கிடந்தால் காகமும் எலியும் வரும்.

4. தண்ணீர் எந்நேரமும் நிழலில் இருக்க வேண்டும்.

5. புதிய சாப்பாட்டுக்கு ஒரு கிழமையில் மெல்ல மெல்ல மாற்றுங்கள். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றோட்டம் ஏற்படும்.

6. திரிபோஷா தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது. அது நாயின் கோப்பைக்குப் போகக் கூடாது.

வீட்டுச் சாப்பாடு நல்லது என்றாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2013இல் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கால்நடை வைத்தியர்கள், நாய்களுக்கான 200 வீட்டுச் சமையற் குறிப்புகளைச் சோதித்தனர். அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் ஏதாவது ஒரு முக்கிய சத்தாவது குறைவாக இருந்தது. ஆகவே ஒரே சாப்பாட்டைத் தினமும் கொடுக்காமல் மீன், முட்டை, பயறு என மாற்றி மாற்றிக் கொடுங்கள். கிழமையில் ஒரு நாள் சிறு துண்டு அவித்த ஈரலும் சேருங்கள். கர்ப்பமான நாய், நோயுள்ள நாய், கிழட்டு நாய் ஆகியவற்றுக்கு வைத்தியரைக் கேட்டே உணவை மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு நன்றாகச் சாப்பாடு கொடுத்தாலும் நாய் கடித்தால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். "எங்கட நாய்தானே" என்று இருந்துவிட வேண்டாம்.

அன்று கேள்வி கேட்ட அம்மாவின் வீட்டுக்கு அண்மையில் போயிருந்தேன். மீன் வெட்டும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பழைய சட்டி இருந்தது. "தலையும் குறுணலும்தான். காசு ஒண்டும் போகேல்லை" என்றார். குஞ்சுகள் முற்றத்தில் கிளறிக்கொண்டிருந்தன. நாய் வேலியோரம் படுத்திருந்தது. அதன் ஊசி அட்டை குசினிச் சுவரில் தொங்கியது.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் வீட்டில் ஒரு கிழமையில் வீசப்படும் உணவுப் பொருட்கள் எவை? அவற்றுள் நாய்க்கு ஆகக்கூடியவை எவை, ஆகாதவை எவை?

2. உங்கள் ஊரில் மீன், இறைச்சிக் கழிவுகள் எங்கே கொட்டப்படுகின்றன? நாய்கள் அங்கே கூடாமல் இருக்கச் சங்கமாக என்ன செய்யலாம்?

3. உங்கள் ஒழுங்கையில் எத்தனை நாய்களுக்கு இவ்வாண்டு தடுப்பூசி போடப்பட்டுள்ளது? போடாதவற்றைப் பிடித்துத்தரக் கூடியவர் யார்?

செய்து பார்க்க

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் ஒரு கிழமைக்குக் காலை உணவு கொடுத்துப் பாருங்கள். நாய் வளவில் நின்ற நேரம், கோழிக்கு வந்த சேதம், செலவான பணம் ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு வாருங்கள்.